கொண்டல் காற்றில் ஒரு குடித்தனம்

கிரெனடாவின் தெற்குக் கரை விரித்து வைத்த கைவிரல்களைப் போலப் பிளவுபட்டது. பிரிக்லி பே, ஹாக் தீவு, கிளார்க்ஸ் கோர்ட் பே என்று ஒவ்வொரு விரலிடுக்கிலும் பாய்மரப் படகுகள் நங்கூரமிட்டிருக்கும். ஜூன் முதல் நவம்பர் வரையிலான சூறாவளிப் பருவத்தில் இடம் கிடைப்பதே அரிது. கரீபியன் புயல்களில் பெரும்பாலானவை இந்தத் தீவுக்கு வடக்கே கடந்துவிடும் என்பது பழைய கணக்கு. காப்பீட்டுக்காரர்களும் அதை நம்பித்தான் வரைபடத்தில் கோடு கிழிக்கிறார்கள். 2004 செப்டம்பரில் இவான் புயல் அந்தக் கோட்டைப் பொருட்படுத்தாமல் வந்து, தீவின் ஜாதிக்காய் மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டுப் போனது. தேசியக் கொடியிலேயே ஜாதிக்காயை வரைந்து வைத்திருக்கும் நாடு இது.

காலையில் எல்லாப் படகுகளும் வி.எச்.எஃப் ரேடியோவில் ஒரே அலைவரிசைக்கு வந்து சேர்கின்றன. முதலில் வானிலை. பிறகு யாருக்கு எஞ்சின் உதிரிபாகம் வேண்டும், யார் பழைய பாயை விற்கிறார், கடைத்தெருவுக்கு வேன் எப்போது கிளம்பும் என்கிற ஊர்ச்செய்திகள். அதற்கும் பிறகு, சின்னவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும் பகுதி: புதிதாக வந்த படகில் பிள்ளைகள் உண்டா, என்ன வயது, என்ன மொழி? பிள்ளைகள் இருக்கும் படகுக்கு இங்கே ‘கிட் போட்’ என்று தனிப் பெயரே உண்டு. அது நங்கூரம் போட்ட அரைமணி நேரத்துக்குள், ரப்பர் டிங்கியில் நாலைந்து பிள்ளைகள் வந்து பக்கவாட்டைத் தட்டுவார்கள்.

கட்டுரையாளர் விருந்தாளியாக ஏறியது அப்படிப்பட்ட ஒரு படகில்தான். சுமார் 40 அடி நீளம், ஒற்றை உடல், இருபது வயதைத் தாண்டிய பாய்மரப் படகு. கனடாவின் கியூபெக் பகுதியைச் சேர்ந்த ஒரு தம்பதி, ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன். அம்மாதான் கேப்டன், அப்பாவுக்கு எஞ்சினும் அடுப்பும். இங்கிருந்து வடக்கே குவாதலூப் வரை சிறு தீவுகள் வரிசையாக நிற்கின்றன. நேர்கோட்டில் அளந்தால் சுமார் 250 கடல் மைல். ஒரு தீவில் நின்றால் அடுத்த தீவு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். பகலில் கிளம்பி இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். சின்னப் பிள்ளைகளோடு கடலில் குடியிருக்க நினைப்பவர்கள் உலகின் எந்த மூலையிலிருந்தும் இந்தத் தீவு வரிசையைத் தேடி வருவதற்குக் காரணம் அதுதான்.

படகு வாழ்க்கை என்றதும் மனக்கண்ணில் எழுவது பாயும் சூரிய அஸ்தமனமும். உள்ளே போய்ப் பார்த்தால் தெரிவது குடித்தனம். தண்ணீர் தொட்டியில் சில நூறு லிட்டர். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் இருந்தாலும் அது சோலார் மின்சாரத்தை விழுங்கும், அதனால் பாத்திரத்தை முதலில் கடல்நீரில் அலசி, கடைசி முழுக்குக்கு மட்டும் நல்ல தண்ணீர். கைப்பிடிக் கம்பிகளைச் சுற்றி வலை கட்டியிருக்கிறது. பையன் அதற்குள்தான் ஓடியாடலாம். படகு நகரும்போது வாரும் கயிறும் மாட்டாமல் மேல்தளத்துக்கு வரக்கூடாது என்பது சட்டம். படுக்கையின் ஓரத்தில் முரட்டுத் துணியை இழுத்துக் கட்டி உயரமான தடுப்பாக்கியிருக்கிறார்கள், படகு சாய்ந்தாலும் பிள்ளை உருளாது. பாடம் காலை எட்டுக்குத் தொடங்கி உச்சிக்கு முன் முடியும். ஒரு பென்சில் கீழே விழுந்தால் அது எந்தப் பக்கம் உருளும் என்பதில் பந்தயம் வேறு.

கிரெனடாவின் மேற்குக் கரையில் மோலினியர் குடாவின் அடியில், கைகோத்து வட்டமாக நிற்கும் குழந்தைகளின் சிலைகள் இருக்கின்றன. பிரிட்டிஷ் சிற்பி ஜேசன் டிகெய்ர்ஸ் டெய்லர் 2006இல் அமைத்த கடலடிச் சிற்பப் பூங்கா அது. சில மீட்டர் ஆழம்தான், மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டால் போதும். சிமெண்ட் முகங்களில் பவளமும் கடற்பஞ்சும் குடியேறிவிட்டன. மகள் மேலே வந்து முகமூடியைக் கழற்றியதும் கேட்ட முதல் கேள்வி, “இவங்களுக்கு எப்பம்மா லீவு விடுவாங்க?”

தீவின் வடமுனையைத் தாண்டியதும் பாதை சற்று வளைகிறது. கீழே கிக் எம் ஜென்னி என்ற கடலடி எரிமலை. 1939இல் அது குமுறியது பதிவாகியிருக்கிறது. அமைதியாக இருக்கும் நாட்களிலும் அதைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டருக்குள் படகுகள் போகக்கூடாது. குமுறல் கூடினால் அந்த வட்டம் ஐந்து கிலோமீட்டராகும். அடியிலிருந்து வாயுக் குமிழிகள் பெருகினால் நீரின் அடர்த்தி குறைந்து மிதக்கும் படகு அமிழ்ந்துவிடலாம் என்பதுதான் பயம். மகளுக்கு அன்றைய அறிவியல் பாடம் வேறு தேட வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது கரியகூ. இந்தச் சின்னத் தீவின் விண்ட்வர்ட் கிராமத்தில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த தச்சர்களின் வழித்தோன்றல்கள் கடற்கரை மணலிலேயே மரப் படகு கட்டுகிறார்கள். காகிதத்தில் வரைபடம் கிடையாது, கண்ணும் கையும்தான் அளவுகோல். வளைந்த கிளையாகப் பார்த்து வெட்டி வந்து படகின் விலா எலும்பாக்குவார்கள். முடிந்த படகைக் கடலில் இறக்குவது ஊர்த் திருவிழா. ஆட்டை அறுத்து ரத்தம் தெளிப்பார்கள், ரம் ஊற்றுவார்கள். முட்டுக்கட்டைகளைக் கோடரியால் ஒவ்வொன்றாக வெட்டிப் படகை ஒரு பக்கமாகச் சாய்த்து, உருளைகள் மேல் இழுத்துக் கடலில் விடுவார்கள். இந்தக் கலையை யுனெஸ்கோ 2023இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டு ஜூலை 1 அன்று பெரில் புயல் நேராக இந்தத் தீவின் மேல் ஏறியது. கூரை தப்பிய வீடு மிகக் குறைவு. டிரல் பேயின் சதுப்புக்காடு புயலுக்குப் பாதுகாப்பான ஒளிவிடம் என்று நம்பிப் படகுகளைக் கொண்டுபோய்க் கட்டியிருந்தார்கள். புயல் அவற்றைக் காட்டுக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது.

கடற்கரையில் ஒரு குடும்பமே சேர்ந்து படகு கட்டிப் புறப்பட்ட கதை ஒன்று உண்டு. தனியாளாக முதன்முதலில் உலகைச் சுற்றியவர் என்று ஜோஷுவா ஸ்லோகமைப் பலருக்கும் தெரியும். ஆனால் அதற்கு முன் அவர் கப்பலிலேயே பிள்ளைகளை வளர்த்த குடும்பஸ்தர். 1887 இறுதியில் அவருடைய ‘அக்விட்னெக்’ கப்பல் பிரேசில் கரையில் மணல்திட்டில் மோதி அழிந்தது. மனைவி ஹெட்டி, மகன்கள் விக்டர், கார்ஃபீல்டு ஆகியோருடன் சேர்ந்து, மிஞ்சிய மரத்தையும் உள்ளூர்க் காட்டு மரத்தையும் கொண்டு 35 அடிப் படகு ஒன்றைக் கட்டினார். பாய்களைத் தைத்தவர் ஹெட்டி, அவர் தையற்கலைஞர். 1888 மே 13 அன்று, பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்த அதே நாளில், படகு கடலில் இறங்கியது. அதனால் பெயரும் ‘லிபர்டாடே’, அதாவது விடுதலை. சுமார் 5,500 மைல் ஓடி, இடையே பார்படாஸில் தங்கி, அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். ஸ்லோகம் பின்னர் உலகைச் சுற்றக் கிளம்பியபோது ஹெட்டி உடன் போகவில்லை. புத்தகங்களில் அவருக்குக் கிடைக்கும் இடம் சில வரிகள்தான். ஹெட்டியின் கோணத்திலிருந்து லிபர்டாடே பயணத்தை யாராவது எழுதியிருக்க வேண்டும்.

புதிய நாட்டுக்குள் நுழையும் படகு மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். படகில் நோயில்லை, உள்ளே வர அனுமதி கொடுங்கள் என்று அதற்குப் பொருள். குடியேற்ற முத்திரை விழுந்ததும் அதை இறக்கிவிட்டு அந்த நாட்டின் கொடியை ஏற்றுவது மரியாதை. இந்தப் படகில் கொடித்துறை மகளிடம். எல்லாக் கொடிகளையும் பழைய துணியில் அவளே தைத்திருக்கிறாள். செயிண்ட் லூசியா சுலபம், முக்கோணங்கள்தான். டொமினிக்கா கொடியின் நடுவில் ஊதா நிறக் கிளி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதன் மூக்கு மட்டும் மூன்று முறை பிரிக்கப்பட்டதாகக் கேள்வி.

டொபாகோ கேஸ் ஐந்து குட்டித் தீவுகள். மனிதக் குடியிருப்பு இல்லை. அவற்றுக்குக் கிழக்கே குதிரை லாட வடிவில் ஒரு பவளப்பார், அதற்கப்பால் ஆப்பிரிக்கா வரை வெறும் கடல். பார் அலையைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. எனவே படகு அசையாமல் நிற்க, காற்று மட்டும் இரவு பகலாகக் கயிறுகளில் ஊளையிடும். பாரடால் தீவின் ஓரத்துக் கடற்புல் வெளியில் பச்சை ஆமைகள் மேய்கின்றன. நீந்துபவரை அவை சட்டை செய்வதில்லை. மூச்சுவிட மேலே வருவதும் மீண்டும் இறங்கிப் புல் கடிப்பதுமாக இருக்கின்றன. நான்கு வயதுக்காரன் அப்பாவின் முதுகில் தொற்றியபடி முகத்தை நீருக்குள் வைத்துப் பார்த்தான். அதற்குப் பிறகு எந்தத் தீவைப் பற்றிச் சொன்னாலும் அவனுக்கு ஒரே கேள்வி, ஆமை உண்டா?

பெக்வேயில் வேறு விதமான கேள்விகள் எழுந்தன. இந்தத் தீவுக்காரர்களுக்குத் திமிங்கில வேட்டை உரிமை உண்டு. சர்வதேசத் திமிங்கில ஆணையத்தின் பாரம்பரிய வேட்டை விதிப்படி ஆண்டுக்கு நான்கு கூன்முதுகுத் திமிங்கிலங்கள் வரை பிடிக்கலாம். பல ஆண்டுகளில் ஒன்றுகூடச் சிக்குவதில்லை. 1870களில், அமெரிக்கத் திமிங்கிலக் கப்பலில் வேலை பார்த்துத் திரும்பிய வில்லியம் வாலஸ் தொடங்கி வைத்தது இது. பாய் கட்டிய திறந்த படகு, கையால் எறியும் ஈட்டி. மகள் கடுங்கோபத்தில் இருந்தாள். கரையில் பொம்மைப் படகு செதுக்கும் முதியவர் ஒருவர், மரத்தை இழைத்துக்கொண்டே, அவளுடைய எல்லா வாதத்தையும் கேட்டுவிட்டு, “கப்பலில் வரும் டின் இறைச்சி எங்கிருந்து வருகிறது, கண்ணு?” என்று மட்டும் கேட்டார். அன்று மாலை படகில் மீன் சமைத்தார்கள். அவள் சாப்பிட்டாள், ஆனால் யாருடனும் பேசவில்லை.

பெக்வேக்குக் கிழக்கே பாலிசோ என்றொரு வறண்ட தீவு தெரிகிறது. செயிண்ட் வின்சென்ட்டில் பிரிட்டிஷாரை எதிர்த்த காரிஃபுனா மக்களை, தோல்விக்குப் பிறகு 1796இல் அங்கேதான் கொண்டுபோய் விட்டார்கள். நோயிலும் பசியிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் செத்தார்கள். மிஞ்சியவர்களை 1797இல் மத்திய அமெரிக்கக் கரையோரத்து ரோவாட்டன் தீவுக்கு நாடு கடத்தினார்கள். பாலிசோவில் இறந்தவர்களில் குழந்தைகளும் உண்டு. இந்தக் கடலில் பிள்ளைகளோடு மிதக்கும் குடும்பங்கள் புதிதல்ல. விரும்பி வருவதுதான் புதிது.

செயிண்ட் வின்சென்ட்டுக்கு 1861 ஜூன் 1 அன்று ‘டிராவன்கோர்’ என்ற கப்பல் வந்தது. சென்னையிலிருந்து புறப்பட்டது. அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலிகளாக ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக ஏற்றி வந்தார்கள். 1880க்குள் எட்டுக் கப்பல்களில் சுமார் 2,500 பேர் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். இன்றும் ஜூன் 1 இங்கே இந்தியர் வருகை நாள். கம்பர்லேண்ட் குடாவின் கருமணல் கரையில், படகின் பின்பக்கக் கயிற்றைத் தென்னை மரத்தில் கட்ட உதவிக்கு வந்த இளைஞரின் முகம் கடலூர்ப் பக்கத்து முகம். பாட்டனாருக்கு முந்தைய தலைமுறை பற்றி அவருக்கு எதுவும் தெரியவில்லை. கிரிக்கெட் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. மேலே லா சூஃப்ரியேர் எரிமலை. 2021 ஏப்ரலில் அது வெடித்தபோது ஏறத்தாழ 20,000 பேர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது.

தீவுகளின் மேற்குப் பக்கம் மலை மறைவில் கடல் குளமாகக் கிடக்கும். இரண்டு தீவுகளுக்கு இடைப்பட்ட கால்வாயில் நுழைந்ததுமே நிலைமை தலைகீழ். அட்லாண்டிக்கைக் கடந்து வரும் கொண்டல் காற்று அந்த இடைவெளியில் நெரிந்து பாயும், அலை பக்கவாட்டில் வந்து மோதும். செயிண்ட் வின்சென்ட்டுக்கும் செயிண்ட் லூசியாவுக்கும் இடையில் படகில் யாரும் பேசவில்லை. பையன் வாளியைக் கட்டிக்கொண்டு வாந்தியெடுத்தான், தூங்கினான், எழுந்து பிஸ்கட் கேட்டான். கட்டுரையாளருக்கு அந்த மூன்றில் முதலாவது மட்டுமே வாய்த்தது. எதிரே பிட்டன் மலைகள் இரண்டும் கடலிலிருந்து நேராக 700 மீட்டருக்கு மேல் எழுந்து நின்றன. அவை உலகப் பாரம்பரியச் சின்னம். அவற்றை ரசிக்கும் நிலையில் அப்போது யாரும் இல்லை.

செயிண்ட் லூசியாவின் வடக்கே ராட்னி பே. ஏ.ஆர்.சி. எனப்படும் அட்லாண்டிக் கூட்டுப் பயணம் முடியும் துறைமுகம். 1986இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு நவம்பரிலும் கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து படகுகள் சேர்ந்து கிளம்பி 2,700 கடல் மைல் கடந்து இங்கே வருகின்றன. குடும்பங்களும் உண்டு. மூன்று வாரம் நிலமே பார்க்காத பிள்ளைகள் இறங்கியதும் புல்வெளியில் பைத்தியம் பிடித்ததுபோல் ஓடுவார்கள் என்று துறைமுகத்தில் சொன்னார்கள்.

பிள்ளைகளை இப்படிக் கடலில் இறக்கலாமா என்ற சண்டை ஓயாதது. 2014இல் மெக்சிகோவுக்கு அப்பால் பசிபிக்கில், ஒரு வயதுக் குழந்தைக்கு நோய் முற்றியதால் ஓர் அமெரிக்கக் குடும்பத்தை ராணுவ விமானத்திலிருந்து குதித்த மீட்பர்களும் போர்க்கப்பலும் காப்பாற்றின. படகைக் கைவிட்டு மூழ்கடிக்க வேண்டியதாயிற்று. பெற்றோர்மீது அப்போது விழுந்த வசைக்கு அளவில்லை. மறுபக்கம் லாரா டெக்கர். நியூஸிலாந்தில் பிறந்து முதல் சில ஆண்டுகளைக் கடலில் கழித்த டச்சுப் பெண். 13 வயதில் தனியாக உலகைச் சுற்றப் போவதாகச் சொன்னபோது நெதர்லாந்து நீதிமன்றம் குறுக்கிட்டு அவரைக் கண்காணிப்பில் வைத்தது. பிறகு அனுமதி கிடைத்து, 2012 ஜனவரியில் 16 வயதில், இதே கரீபியனின் செயிண்ட் மார்ட்டன் தீவில் சுற்றை முடித்தார். இரண்டு உதாரணங்களையும் வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்கலாம். கேப்டன் அம்மாவின் பதில் எளிமையானது. “மான்ட்ரியலில் பள்ளிக்கூட வாசல் சாலையைக் கடக்கும்போது எனக்கு இதைவிட அதிகம் பயம்.” அதை அப்படியே ஏற்க முடியாது. இரவில் கடலில் விழுந்த பிள்ளையைத் தேடுவதற்கு எந்தச் சாலையும் ஈடில்லை. அதனால்தான் அந்த வலையும் கயிறும் என்று அவரே உடனே சேர்த்துக்கொண்டார்.

மார்த்தினிக்கின் தெற்கே டயமண்ட் பாறை. 1804இல் பிரிட்டிஷ் கடற்படை இந்தக் கூம்புப் பாறையின்மேல் பீரங்கிகளை ஏற்றி, ஒரு போர்க்கப்பல் என்றே பதிவு செய்து, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பிரெஞ்சுக்காரர்களைத் தொல்லைப்படுத்தியது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். நகராத கப்பல் என்ன கப்பல்?

சேன் பியேர் நகரத்தில் நங்கூரமிடும்போது கீழே கவனம் தேவை. 1902 மே 8 காலை பெலே மலையிலிருந்து இறங்கிய நெருப்பு மேகம் நிமிடங்களில் ஊரையும் துறைமுகத்தில் நின்ற கப்பல்களையும் எரித்தது. செத்தவர்கள் சுமார் 28,000 பேர். கப்பல்களின் எலும்புக்கூடுகள் இன்னும் அடியில் கிடக்கின்றன. தடித்த கல் சிறையறை காப்பாற்றிய சிபாரிஸ் என்ற கைதியின் கதை ஊர் முழுக்கக் கிடைக்கிறது. அந்த அறையையும் பார்க்கலாம். மகள் உள்ளே போய்க் கதவு இருந்த இடத்தில் நின்று, காற்று எந்தத் துவாரத்தின் வழியே வந்திருக்கும் என்று அளந்தாள்.

இதே சேன் பியேரில்தான் 1853 மே மாதம் ‘ஒரேலி’ கப்பல் முதல் இந்தியக் கூலிகளை இறக்கியது. பிரெஞ்சு இந்தியத் துறைமுகங்களான புதுச்சேரி, காரைக்கால் வழியே வந்தவர்களில் தமிழர்கள் கணிசம். அடுத்த முப்பதாண்டுகளில் சுமார் 25,000 பேர் மார்த்தினிக் வந்தார்கள். வடகரையில் பாஸ் புவாந்த் ஊரில் மாரியம்மனும் மதுரை வீரனும் இன்னும் குடியிருக்கிறார்கள். கிடாவெட்டும் உண்டு, பறையும் உண்டு. தமிழ் மட்டும் பேச்சிலிருந்து போய், மந்திரமாக மிஞ்சியிருக்கிறது. சந்தையில் மசாலாப் பொடி விற்ற அம்மாள் கட்டுரையாளரின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பொட்டலம் கூடுதலாகப் போட்டார், விலையில் ஒரு காசு குறைக்காமல்.

டொமினிக்கா இந்த வரிசையில் பெரிய கடற்கரை விடுதிகள் குறைந்த தீவு. மலை, காடு, மழை. 2017 செப்டம்பரில் மரியா புயல் மொட்டையடித்த காடு மீண்டும் பச்சை கட்டிவிட்டது. போர்ட்ஸ்மவுத்தில் படகு உதவியாளர்கள் தங்களுக்குள் சங்கம் அமைத்து, இரவுக் காவலும் மிதவைக் கட்டுத்துறையும் நடத்துகிறார்கள். ஊரை ஒட்டிய இண்டியன் ஆற்றில் எஞ்சினுக்கு அனுமதியில்லை, துடுப்புதான். பலகைபோல் விரிந்த வேர்கள் இரு கரையிலும் தண்ணீருக்குள் நெளிகின்றன. கிழக்குக் கரையில் கலினாகோ மக்களுக்கென 1903இல் ஒதுக்கிய நிலம் இருக்கிறது. ஒற்றை மரத்தைக் குடைந்து ஓடம் செய்யும் கலை அவர்களிடம் இன்னும் உயிரோடு உள்ளது.

மேற்குக் கரையின் ஆழ்கடலில் எண்ணெய்த் திமிங்கிலங்கள் ஆண்டு முழுவதும் தென்படுகின்றன. பாட்டி, மகள், பேத்தி என்று தாய்வழிக் குடும்பமாகவே வாழ்பவை. தாய் இரை தேடி முக்கால் மணி நேரம் ஆழத்துக்குப் போகும். குட்டியால் அவ்வளவு ஆழம் இறங்க முடியாது. அதனால் சித்தியோ பாட்டியோ மேலே தங்கிக் குட்டியைப் பார்த்துக்கொள்ளும். ஷேன் கெரோ என்ற ஆய்வாளர் 2005 முதல் இந்தக் குடும்பங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பின்தொடர்கிறார். இதைக் கேட்ட அப்பா கப்பித் தண்டைத் துடைத்துக்கொண்டே, “எங்களுக்கும் ஒரு சித்தி இருந்தால் நன்றாயிருக்கும்” என்றார். படகு வாழ்க்கையில் ஆள்பலம் இல்லாததுதான் உண்மையான குறை. ஒருவர் சுக்கானில் நின்றால் இன்னொருவர் பிள்ளைகளோடு, தூங்குவது யார் என்பது எப்போதும் பாக்கி நிற்கும். இரண்டு கிட் போட்டுகள் ஒட்டிக்கொண்டே பயணம் செய்வதில் பாதிக் காரணம் நட்பு, மீதி இது.

லே சேன்த் தீவுகளைச் சுற்றித்தான் 1782 ஏப்ரல் 12 அன்று பிரிட்டிஷ் தளபதி ராட்னியின் கப்பல்கள் பிரெஞ்சுத் தளபதி டி கிராஸை முறியடித்தன. இப்போது அங்கே பிள்ளைகளின் கவனத்தில் இருப்பது தெருவில் கூடையில் விற்கும் தேங்காய்ப் பூரணப் பணியாரம் மட்டும்.

குவாதலூப்பின் கப்பஸ்தேரில் நெடுஞ்சாலை ஓரமாக சாங்ஜி கோயில், வண்ணம் பூசிய சிலைகள் கொண்ட கோபுரத்தோடு நிற்கிறது. இந்தத் தீவுக்கு 1854 தொடங்கிச் சுமார் 42,000 இந்தியர்கள் வந்தார்கள். இதே கப்பஸ்தேரில் 1863இல் பிறந்த ஹென்றி சிதம்பரம், அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றார். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னதும் கியூபெக் பிள்ளைகள் சந்தேகத்தோடு தங்கள் காலைப் பார்த்தார்கள். படகில் வசிப்பதால் மாதக்கணக்கில் செருப்பே போட்டதில்லை.

அதே தீவின் தேஹே குடாவில் மற்றப் படகுக் குடும்பங்களும் வந்து சேர்ந்திருந்தன. புயல் பருவத்துக்கு முன் எங்கே போவது என்பதுதான் அங்கே எல்லாப் படகிலும் பேச்சு. தெற்கே மீண்டும் கிரெனடா, வடக்கே அமெரிக்கக் கரை வழியாக வீடு, மேற்கே பனாமா கால்வாய், அதற்கப்பால் பசிபிக். அப்பா காகிதத்தில் செலவுக் கணக்கு எழுதினார்: பாய்மரக் கம்பிகள் மாற்றும் வயது வந்துவிட்டது, பேட்டரி அடுத்த ஆண்டு தாங்காது, மகளுக்குக் கணிதத் தேர்வு. மகளின் வாக்கு பனாமாவுக்கு, ஏனென்றால் அவளுடைய தோழியின் படகு அங்கே போகிறது. அம்மாவும் பனாமா என்றார், ஆனால் அவர் சொன்ன காரணம் காற்று. கிரெனடாவுக்கு வாக்களித்தவர் அப்பா மட்டும். பையன் பசிபிக்கிலும் ஆமை உண்டா என்று விசாரித்து, உண்டு என்ற பதிலை யோசித்துக்கொண்டிருக்கும்போதே மலையிலிருந்து மழை இறங்கியது. கூரைச் சாளரங்களை மூட இரண்டு பேர், கம்பியில் காயும் துணியை அள்ள இரண்டு பேர், குடிநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து மழைநீர் பிடிக்க விருந்தாளி.